செயின் டிராக்டர் படங்கள் பார்த்தேன்: தம்பி, இன்னும் எதையும் இழுக்க வேண்டாம்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

புதிதாக வாங்கிய நிலத்தின் கோடியில், புதருக்குள் கிடக்கும் பழைய செயின் டிராக்டரின் (சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டி) படங்களைத் தம்பி நம் குழுவில் போட்டதிலிருந்து மடல் மேல் மடலாக வந்துகொண்டிருக்கிறது. பேட்டரி கட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார் என்கிறார் ஒருவர். பெரிய வண்டி வைத்து இழுத்தால் இன்ஜின் தானாகச் சுற்றும் என்கிறார் இன்னொருவர். தம்பி, இரண்டையும் இப்போது செய்யாதே. இத்தனை வருடத் துருவுக்குத் தப்பிக் கிடந்த வண்டியை ஒரே நாள் அவசரம் உடைத்துவிடும்.

முதலில் இது என்ன வண்டி என்று தெரியட்டும். மஞ்சளாக இருக்கிறது, அதனால் கேட்டர்பில்லர் கம்பெனி வண்டி என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மஞ்சளை மட்டும் நம்ப முடியாது. மண் வேலைக்குப் போன எந்தக் கம்பெனி வண்டிக்கும் பிறகு மஞ்சள் அடித்திருப்பார்கள். கேட்டர்பில்லரே 1931 இறுதி வரை சாம்பல் நிறத்தில்தான் வந்தது. டூல் பாக்ஸின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில் என்று வெயில் படாத இடத்தில் சுரண்டிப் பார்த்தால் அசல் நிறம் தெரியும். சிவப்பு என்றால் பெரும்பாலும் இன்டர்நேஷனல், ஆரஞ்சு என்றால் அல்லிஸ்-சால்மர்ஸ், பச்சை என்றால் ஜான் டியரோ ஆலிவரோ.

நிறத்தைவிட இன்ஜினைப் பார்ப்பது நல்லது. அந்தக் காலத்து டீசல் இன்ஜினைச் சுற்றிவிடுவது பெரிய பாடு. அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி வைத்திருந்தது. இன்டர்நேஷனலின் டிடி-9, டிடி-14 வகைகளில் அதே இன்ஜின் முதலில் பெட்ரோலில் ஓடும், சூடானதும் டீசலுக்கு மாறும். அதனால் ஒரே இன்ஜினில் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், டீசல் பம்ப் எல்லாம் இருக்கும். அல்லிஸ்-சால்மர்ஸின் எச்டி-7, எச்டி-10 வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல், பக்கவாட்டில் காற்றடிக்கும் புளோயர். கேட்டர்பில்லர் வைத்தது தனியாக ஒரு குட்டிப் பெட்ரோல் இன்ஜின்.

தம்பியின் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய இன்ஜினின் விலாவில் இரண்டு சிலிண்டர் குட்டி இன்ஜின் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வடிவமைத்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குட்டியையும் பெரியதையும் குளிர்விப்பது ஒரே தண்ணீர், ஆகவே குட்டி ஓட ஓட பெரிய இன்ஜினும் சூடாகும். குட்டியின் புகைக் குழாய் பெரியதின் காற்றுக் குழாய் வழியாகப் போய் உள்ளே வரும் காற்றையும் சூடாக்கும். சிலிண்டருக்குள் காற்று அமுங்காதபடி கம்ப்ரஷனைத் திறந்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை நிதானமாகச் சுற்றவிட்டு, அப்புறம்தான் டீசலைத் திறப்பார்கள்.

ஆக, கேட்டர்பில்லர்தான். நாலு சிலிண்டர், பானெட் உன் மார்பு உயரம். அவர்களின் டி2 என்ற வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். உறுதி செய்வது சுலபம். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும், பின்னால் கியர் பாக்ஸ் கூட்டிலும் எண் இருக்கும். கம்பி பிரஷ் போடாதே, எழுத்து அழிந்துவிடும். டீசல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. எண்ணின் முன்னால் 4யு அல்லது 5யு இருந்தால் 1947 முதல் 1957 வரை வந்த டி2. 3ஜே, 5ஜே என்றால் அதற்கும் மூத்தது, 1938-ல் தொடங்கிய வரிசை. எண் போயிருந்தாலும் கவலை இல்லை, ஒரு செயினின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை டேப் பிடி. 40 அங்குலம் என்றால் 3ஜே அல்லது 4யு, 50 என்றால் 5ஜே அல்லது 5யு. இரண்டு இடத்து எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜின் எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது, அதையும் குறித்துக்கொள்.

அடுத்து, காப்பாற்றலாமா என்ற கேள்வி. எல்லாரும் இன்ஜினைப் பற்றியே கேட்கிறீர்கள். என் கணக்கில் தீர்ப்பு கீழேயும் பின்னாலேயும் இருக்கிறது. இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால் பொறுமையாக எண்ணெய் விட்டு விடுவிக்கலாம், பாகமும் தேடினால் கிடைக்கும். செயின், அதன் மேல் உருளும் ரோலர், அதைச் சுற்றிவிடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட் எல்லாம் மொத்தமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். ஸ்பிராக்கெட் பல்லைப் பக்கவாட்டில் நின்று படம் எடு. பல் கொக்கி மாதிரி வளைந்து கூராகியிருந்தால் ஆயுள் முடிந்தது. ரோலர்களில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா, ஒரு பக்கமாகத் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்.

பிறகு ஸ்டியரிங் கிளட்ச். இந்த வண்டியில் ஸ்டியரிங் வீல் கிடையாது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கிளட்ச்சை லீவரால் விடுவிக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே, உலர்ந்த அறைக்குள் அந்தத் தட்டுகள் இருக்கும். சீட் போய், மூடி போய், மழை இறங்கினால் தட்டெல்லாம் துருவில் ஒட்டிக்கொள்ளும். லீவர் நகர்வதை வைத்து நல்லதென்று முடிவு செய்யாதே. அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி என்ன வருகிறது என்று பார். செந்நிறத் தண்ணீர் வந்தால் ஒட்டியிருக்கிறது என்றே வைத்துக்கொள். கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

இன்ஜின் ஆயில் பிளக்கையும் மெதுவாகத் திருகு. கனமானது தண்ணீர், ஆகவே இருந்தால் அதுதான் முதலில் வரும். புகைக் குழாய் மூடி இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்பது படத்தில் தெரிகிறது, அதனால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இன்றே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வை. இன்ஜெக்டர்களைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடு. இன்ஜின் கையால் அசையும் வரை வேறு பலம் காட்டாதே.

இழுக்கும் நாள் வரும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டி2 சுமார் மூன்று டன் இரும்பு, முன்னால் மண் தள்ளும் பிளேடு இருந்தால் இன்னும் கூடும். துருப்பிடித்த செயின் சுற்ற மறுத்தால் இழுவை பல மடங்காகும், அதனால் செயின் மூட்டுகளில் முன்கூட்டியே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பிளேடில் கட்டாதே, முன் கொக்கியிலோ, பின்னால் இழுவைக்கென்று இருக்கும் டிராபாரிலோ கட்டு. கம்பி இழுபடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அறுந்தால் உயிர் போகும். டிரெய்லரில் ஏற்றும்போது இரும்பு மேல் இரும்பு வழுக்கும், பலகை போடுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். செயினை இறுக்கிப் பிடிக்க முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஸ்பேனர் வைத்துக் கழற்றினால் குண்டு மாதிரி வெளியே வரும், அதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, டீசல் பம்பில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் தண்டான ராக் பல வருடம் கிடந்து, திறந்த நிலையில் இறுகியிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வேகம் எகிறி, எதை அணைத்தாலும் நிற்காது. முதல் தடவை ஓட்டும்போது காற்றுக் குழாயின் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், கையால் மூடக் கூடாது.

நிலம் உன்னுடையது என்பதால் வண்டியும் உன்னுடையது ஆகிவிடாது. விற்றவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள். அதுவரை பழைய இரும்புக்காரர் யாரையும் உள்ளே விடாதே, பார்க்க வந்தவர்கள் பித்தளைப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தீப்பொறி தரும் மேக்னெட்டோவும் கார்புரேட்டரும் போனால் குட்டி இன்ஜினை எழுப்புவது கஷ்டம்.

இந்த வாரம் எண்ணைத் தேய்த்தெடுத்த காகிதம், ஸ்பிராக்கெட் பல், கிளட்ச் அறை பிளக்கிலிருந்து வந்தது, இந்த மூன்று படத்தையும் குழுவில் போடு. ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் பார்க்கட்டும். பல் நன்றாக இருந்தால் பாகங்கள் தேடும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்