சுங்கை பத்து கி.மு. 788ன்னு எதை வெச்சு சொல்றாங்க?

பீடோங்_தாஸ்:
நம்ம பக்கத்து தோட்டத்துல பழைய செம்பனைய சாய்ச்சிட்டு மறுநடவு பண்றாங்க. எக்ஸ்கவேட்டர் லோங்காங் (வடிகால்) வெட்டினப்ப செங்கல் துண்டு, இரும்பு உருக்கினப்ப மிஞ்சுற கசடு நுரை நுரையா கறுப்பா, கூடவே சின்னச் சின்னக் கண்ணாடி மணி கொஞ்சம் மேல வந்துச்சு. வாட்சாப் குரூப்ல படம் போட்டதும் ஒருத்தர் கி.மு. 788ங்கிறார், ஒருத்தர் ராஜேந்திர சோழன்ங்கிறார், இன்னொருத்தர் வெள்ளைக்காரன் காலத்துச் சூளைங்கிறார். இங்க கெடாவுல பக்கத்துல இருக்கிற தொல்லியல் தளம் சுங்கை பத்துலயே முதல்ல கி.பி. 110ன்னாங்க, அப்புறம் கி.மு. 535, அப்புறம் 788. பொருளு கெடக்கிற இடத்துலயேதான் கெடக்குது, வருஷம் மட்டும் பின்னாடி பின்னாடி போகுது. இது அளக்கிற வேலையா இல்ல ஏலம் விடற வேலையா?

கடாரம்_வேலு:
தாஸ், இதுல யோசிக்க என்னலா இருக்கு? மணியப் பாத்தாலே தெரியலையா, நம்ம ஊரு மணி. 1025ல ராஜேந்திரன் கடாரத்த, அதான் நம்ம கெடாவ, புடிச்சான், அதுக்கும் முன்னாடியே நம்மாளுங்க இங்க யாவாரம் பண்ணாங்க. கீழடி கி.மு. 580, சிவகளை இரும்பு கி.மு. 3345ன்னு 2025ல தமிழ்நாட்டு அரசே அறிக்கை விட்டாச்சு. இங்க இரும்பு உருக்கினவன் யாருன்னு கேட்டா பதில் அதுலயே இருக்கு.

லேப்_குமரன்:
தாஸண்ணே, அந்த மூணு நம்பரும் ஒரே பொருளோட நம்பர் இல்ல. யுனிவர்சிட்டி சயின்ஸ் மலேசியா ஆளுங்க 2009லேர்ந்து அங்க தோண்டுறாங்க, அந்த 110 வட்டமா இருக்கிற செங்கல் சடங்கு மேடைக்குச் சொன்னது, பின்னாடி வந்த நம்பருங்க இரும்பு உருக்கின பக்கத்துலேர்ந்து வந்தது. புதுசா ஒரு இடத்த தோண்டினா புதுசா ஒரு வருஷம் வரத்தான் செய்யும். ஆனா உங்க சந்தேகத்துல பாதி எனக்கும் இருக்கு. 788ங்கிற ஒத்த நம்பர வெளிநாட்டு ஆராய்ச்சியாளருங்க எல்லாரும் அப்படியே ஏத்துக்கல.

ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். கரித்துண்டுல மிஞ்சின கார்பன் 14ங்கிற கதிரியக்கக் கார்பன அளந்து வருஷம் போடுற முறை இது. உயிரோட இருக்கிற மரம் காத்துலேர்ந்து கார்பன் 14 எடுத்துக்கிட்டே இருக்கும், செத்ததும் எடுக்கிறது நின்னுடும், அப்புறம் 5,730 வருஷத்துக்கு ஒருக்கா இருக்கிறதுல பாதி கரைஞ்சிடும், சுமார் 50,000 வருஷத்துக்கு மேல போனா அளக்கவே ஒண்ணும் மிஞ்சாது. ஆனா மிஷின் குடுக்கிறது காலண்டர் வருஷம் இல்ல. காத்துல அந்த கார்பன் எல்லாக் காலத்துலயும் ஒரே அளவுல இருந்ததில்ல, அதனால மரத்து வளையங்கள வெச்சு போட்ட ஒரு வளைவுல பொருத்தித்தான் வருஷத்த எடுக்கணும். கி.மு. 800க்கும் 400க்கும் நடுவுல அந்த வளைவு கிட்டத்தட்ட தட்டையாயிடும். நானூறு வருஷ வித்தியாசம் இருக்கிற ரெண்டு கரித்துண்டு கூட ஏறக்குறைய ஒரே ரீடிங் காட்டும். அந்தக் காலத்துக்கு ஒருத்தர் ஒத்த வருஷம் சொன்னா, உங்க ரேஞ்ச் எவ்வளவுன்னு முதல்ல கேக்கணும்.

வேலு அண்ணே, உங்க கீழடி 580 அதே தட்டைக்குள்ளதான் நிக்குது. 353 செ.மீ. ஆழத்துல எடுத்த சாம்பிளோட வருஷம் அது.

கடாரம்_வேலு:
தம்பி, கீழடிய எதுக்கு இழுக்கிற? அமெரிக்கா லேப்ல டெஸ்ட் பண்ணது அது.

டீச்சர்_கமலா:
வேலு, அமெரிக்கா லேப்புன்னா வளைவு நிமிந்துடுமா? கீழடின்னா அளவு சரி, மத்தவன் நம்பர்னா அரசியல், நல்லா இருக்கே நியாயம்! சிவகளைக்கும் குமரன் கேக்கிற கேள்விதான், கரி எங்க கெடந்துச்சு, இரும்போட என்ன உறவு, எத்தன சாம்பிள் ஒத்துப் போச்சு. ஒத்துப் போனா சந்தோஷமா ஏத்துக்குவோம்.

பீடோங்_தாஸ்:
குமரா, அப்ப கரிக்கு வருஷம் தெரியுது, இரும்புக்கு எப்படித் தெரியுது? எனக்குப் புரியாதது அதான்.

லேப்_குமரன்:
சரியான இடத்துல புடிச்சீங்கண்ணே. கரியோட வருஷம்ங்கிறது மரத்தோட அந்தப் பகுதி வளர்ந்த வருஷம், அடுப்பு மூட்டின வருஷம் இல்ல. இடிச்ச லயத்து வீட்டுப் பலகைய எடுத்து இன்னிக்கு கோழிக்கூடு அடிச்சா, பலகைய டெஸ்ட் பண்ணி கோழிக்கூடு வெள்ளைக்காரன் காலத்ததுன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நம்ம காட்டுல மரம் நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும், நடுத்தண்டு கரியும் வெளிப்பட்டைக் கரியும் ஒரே மரத்துலயே வேற வேற வயசு காட்டும். அதனால சின்னக் குச்சி, கொட்டை, நெல்லு மாதிரி ஒரே வருஷத்துல முளைச்சு முடிஞ்சதத்தான் தேடுவாங்க. இரும்பு விஷயத்துல இன்னும் நல்லது, கசடு உருகி ஓடுறப்பவே உள்ள மாட்டிக்கிட்ட கரி. அது வேற எங்கேர்ந்தும் உருண்டு வந்திருக்க முடியாது இல்ல?

செங்கல்லுக்கு வேற வழி. மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் துகள் இருட்டுல கெடக்கிற வரைக்கும் சுத்தியிருக்கிற கதிர்வீச்ச சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும், சூடோ வெயிலோ பட்டா எல்லாம் காலியாகி சுழியத்துக்கு வந்துடும். செங்கல்ல அளந்தா கடைசியா சூளையில வெந்த காலம், புதைஞ்ச மண்ண அளந்தா கடைசியா வெயில் பாத்த காலம். ஆனா மண்ணு வெயில சரியா பாக்காம சட்டுனு மூடிக்கிச்சுன்னா, பழைய கணக்கு மிச்சம் இருந்து வயசு கூடுதலா காட்டும்.

கடாரம்_வேலு:
எல்லாத்துக்கும் ஒரு ஆனா வெச்சிருக்கீங்களே! கண்ணுக்குத் தெரியிற மணிய விட்டுட்டு துகளப் போய் எண்ணிக்கிட்டு.

லேப்_குமரன்:
மணிக்கே வரேன் அண்ணே. கண்ணாடியக் குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, திரும்பச் சூடாக்கி முனைய மழுக்கிற இந்த வேலை தென்னிந்தியாவுலேர்ந்து பரவினதுதான், அத யாரும் மறுக்கல. அரிக்கமேட்டுல செஞ்சாங்க, இலங்கையில மாந்தையில செஞ்சாங்க. ஆனா இதே மாதிரி மணி நம்ம கெடாவுலயே, சுங்கை மாஸ்ல, உற்பத்தி ஆகியிருக்கு. உருவத்தையும் நிறத்தையும் வெச்சு ரகம் பிரிக்கலாம், பக்கத்துல கெடக்கிற சீனப் பீங்கானோட சேத்து கால வரிசையும் போடலாம். எங்க செஞ்சதுன்னு கேட்டா, லேசர்ல துளியூண்டு கண்ணாடிய ஆவியாக்கி உள்ள சோடா எவ்வளவு, அலுமினா எவ்வளவு, சின்னச் சின்ன உலோகம் என்னென்னன்னு பாக்கணும். அதுலயும் கண்ணாடிக் கட்டி ஒரு ஊர்ல உருக்கி, மணி வேற ஊர்ல இழுத்திருக்கலாம். இதுல எங்கயும் கழுத்துல போட்டவன் என்ன பாஷை பேசினான்னு வராது.

கடாரம்_வேலு:
பாஷை கல்வெட்டுல வரும். செபராங் பிறையில ஜேம்ஸ் லோ 1834ல கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு, பல்லவ எழுத்து. அதையும் இல்லைன்னுடுவியா?

லேப்_குமரன்:
இருக்கு, 5ஆம் நூத்தாண்டுன்னு சொல்றாங்க. எழுத்து பல்லவம், பாஷை சமஸ்கிருதம், அதுல வர்ற புத்தகுப்தன்ங்கிற மாலுமி பௌத்தன். அந்த வருஷம் கூட எழுத்தோட வடிவம் எப்படி மாறிட்டு வந்துச்சுன்னு ஒப்பிட்டுச் சொன்னதுதான், அதுவும் ஒரு ரகம் பிரிக்கிற வேலையே.

டீச்சர்_கமலா:
பொருளு போகட்டும் தம்பி, எனக்கு எலும்புதான் உறுத்துது. சரவாக் நியா குகையில 1958ல கெடச்ச மண்டை ஓட்ட முதல்ல பதின்ம வயசுப் பிள்ளைன்னாங்க, ஆஸ்திரேலிய ஆதிகுடி சாயல்னாங்க. 2016ல திரும்பப் பாத்துட்டு நடுத்தர வயசுப் பொம்பளையா இருக்கலாம், சாயல் இன்னிக்கு போர்னியோவுல இருக்கிற மக்களோடதான் ஒத்துப்போகுதுன்னாங்க. ஒரே ஓடு! புள்ள அம்மாவாயிட்டா. இதுல அறிவியல் எங்க நிக்குது?

லேப்_குமரன்:
டீச்சர், அங்க இருந்தது பெரும்பாலும் மண்டைப் பகுதி. ஆணா பொண்ணான்னு நல்லாச் சொல்றது இடுப்பெலும்பு, பிரசவத்துக்காக பொம்பளைங்களுக்கு அடிக்கோணம் அகலமா இருக்கும். மண்டைய மட்டும் வெச்சா புருவ மேடு, காதுக்குப் பின்னாடி முடிச்சு, இதுங்கதான், அது ஜனத்துக்கு ஜனம் மாறும். வயசும் அப்படித்தான். சின்னப் பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற வரிசை, இளவட்டத்துக்கு எலும்பு முனை ஒட்டுறது, இதெல்லாம் ஓரளவு துல்லியம், பெரியவங்க ஆனப்புறம் தேய்மானத்தப் பாத்துத்தான் சொல்லணும், பத்து வருஷம் முன்ன பின்ன ஆகும்.

லெங்கோங்ல 1991ல எடுத்த பேராக் மனிதன வேணா பாருங்க. குனூங் ருந்து குகை, கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு, கால மடக்கிப் படுக்க வெச்சிருக்காங்க, பத்தாயிரம் வருஷத்துக்கு மேல. இடது கை சின்னது, விரல் எலும்பு குட்டை, பிறவியிலேயே வந்த குறைன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தக் கையோட நடுத்தர வயசு வரைக்கும் வாழ்ந்திருக்காரு, செத்தப்புறம் சிப்பி, கல்லாயுதம், இறைச்சியெல்லாம் வெச்சுப் பொதைச்சிருக்காங்க. கூட இருந்தவங்க அவர எப்படி வெச்சிருந்தாங்கன்னு எலும்பும் குழியும் சேந்து சொல்லுது, எலும்ப மட்டும் பொட்டியில போட்டுக் குடுத்திருந்தா பாதி போயிருக்கும்.

டீச்சர்_கமலா:
டிஎன்ஏ எடுத்தா சண்டையே இல்லையே?

லேப்_குமரன்:
நம்ம சூட்டுலயும் ஈரத்துலயும் அது சீக்கிரம் செதைஞ்சிடும் டீச்சர். உள்காத சுத்தி இருக்கிற கெட்டி எலும்புல சில நேரம் மிஞ்சும், கிளந்தான் குவா சா குகை எலும்புலேர்ந்து எடுத்திருக்காங்க. எல்லாத்துலயும் கிடைக்காது.

பீடோங்_தாஸ்:
சரி, எங்க லோங்காங்குக்கு வருவோம். இதுலேர்ந்து ஏதாவது தெரியுமா தெரியாதா?

லேப்_குமரன்:
எக்ஸ்கவேட்டர் அள்ளிப் போட்ட மண்ணுல இருக்கிறது ரகம் பிரிக்க உதவும், காலத்துக்கு அவ்வளவா உதவாது, மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்தாச்சு. ஆனா வெட்டின லோங்காங்கோட சுவரு அப்படியே நிக்குதுல்ல? அதுல சாம்பல் கோடோ, கசடு அடுக்கோ தெரியுதான்னு பாருங்க. பக்கத்துல ஒரு அளவுகோல் வெச்சு படம் எடுங்க, சுரண்டாதீங்க. 2005 பாரம்பரியச் சட்டப்படி கண்டவங்க தெரிவிச்சே ஆகணும், மாவட்ட அதிகாரிகிட்ட சொன்னாலும் போதும்.

கடாரம்_வேலு:
சொல்லு, சொல்லு. 2013ல சண்டி 11ங்கிற பழைய கோயில் இடிபாட்ட இடிச்சப்ப எந்தச் சட்டம் வந்து குறுக்க நின்னுச்சு? மணிய நம்ம கோயில்ல கண்ணாடிப் பொட்டியில வெச்சா நம்ம பிள்ளைங்களாவது பாக்கும். எங்கயோ ஸ்டோர்ல கெடந்து யாருக்கு லாபம்? எங்கிட்ட பதினாறு மணி இருக்கு, குடுக்கிறதா இல்ல.

டீச்சர்_கமலா:
இடிச்சது அநியாயம்தான் வேலு, அதுல உனக்கும் எனக்கும் சண்டையில்ல. ஆனா உன் கண்ணாடிப் பொட்டிக்குக் கீழ என்னன்னு எழுதுவ? எந்த லோங்காங், எத்தன அடி ஆழம், கூட என்ன கெடந்துச்சுன்னு இப்பவே உனக்கு ஞாபகம் இருக்கா?

கடாரம்_வேலு:
தாஸுக்குத் தெரியும்.

பீடோங்_தாஸ்:
எனக்கு லோங்காங் தெரியும், ஆழம் தெரியாது. மழ வந்தா சுவரு சரிஞ்சிடும், மேற்பார்வை பாக்குற மண்டோர் வேற மூடிடுவோம்ங்கிறாரு. நாளைக்கு காலையில படம் எடுத்துட்டு நேரா மாவட்ட ஆபீசுக்குப் போறேன். வேலு, லோரியில இடம் இருக்கு, மணியோட வா, ஒவ்வொண்ணும் எங்க பொறுக்கினன்னு அங்க வெச்சே சொல்லு. நம்பர் என்ன வந்தாலும் ரேஞ்சோட கேட்டு இங்க போடுறேன்.