முள் மறுபடியும் இறங்கிவிட்டது

சனி, இரவு (குடும்பக் குழு அரட்டை)

நான்: பாய்லர் போய்விட்டது. இந்த முறை நிஜமாகவே. வீட்டுக்குச் சூடும் இல்லை, குழாயில் வெந்நீரும் இல்லை.

செல்வி: காலையிலிருந்து மூன்று தடவை ரீசெட்டை அழுத்தினார். நான்காவது தடவை அது முனகக்கூட இல்லை.

அம்மா: குழந்தைக்குக் குளிருமே கண்ணா. வெந்நீருக்கு என்ன செய்கிறீர்கள்?

செல்வி: அடுப்பில் வைத்து ஊற்றிக்கொள்கிறோம் அத்தை. பாப்பா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கிறாள்.

சித்தப்பா: எங்கள் வீட்டுப் பாய்லருக்கு 20 வயது. நான் அதைத் தொட்டதே இல்லை. தொடத் தொடத்தான் கெடும்.

அத்தான்: சர்வீஸ் கூடவா செய்யவில்லை மாமா?

சித்தப்பா: ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவது?

அத்தான்: மச்சான், ஆள் வந்து பார்த்தாரா?

நான்: பார்த்தார் அத்தான். உள்ளே தண்ணீர் சூடாகும் பாகத்தில் விரிசலாம். அதில் கசிந்து போர்டும் நனைந்துவிட்டது. 16 வருடம் ஓடிவிட்டது, இதற்கு மேல் காசு போடாதீர்கள் என்றார். புதிதாக 35 கிலோவாட் காம்பி பாய்லர் போடச் சொல்கிறார். “பெரிதாகவே போட்டுவிடுங்கள், கவலை இருக்காது” என்றார்.

அத்தான்: யாருக்குக் கவலை இருக்காது?

அக்கா: ஆரம்பித்துவிட்டார். தம்பி, இனி நீ தூங்கப் போவதில்லை.

அத்தான்: உங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதானே? அப்படியென்றால் காம்பி சரி. குழாயைத் திறந்ததும் அப்போதைக்கு அப்போது சுடவைத்துத் தரும், தனியாகத் தொட்டி வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்கப் போனால்தான் தண்ணீர் பங்காகிச் சண்டை வரும். இரண்டு மூன்று குளியலறை இருந்தால் சிலிண்டர் வைக்கிற சிஸ்டம் பாய்லரைச் சொல்லியிருப்பேன்.

அம்மா: சிலிண்டரா? அங்கே பைப்பில்தானே கேஸ் வருகிறது?

அக்கா: அம்மா, வெந்நீர்த் தொட்டிக்கு அப்படி ஒரு பெயர். கேஸ் சிலிண்டர் இல்லை.

அம்மா: தொட்டி என்றே சொல்லலாமே.

அத்தான்: மச்சான், ஒரு வேலை செய்யுங்கள். 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, பச்சைத்தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று சொல்லுங்கள்.

நான்: இப்போதா? மணி பத்தரை.

அத்தான்: தண்ணீர் தூங்காது.

நான்: 54 வினாடி. பேண்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

அத்தான்: ஆக நிமிடத்துக்கு 11 லிட்டர். உங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீரே அவ்வளவுதான். 35 கிலோவாட் பாய்லர் தண்ணீரை 35 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 14 லிட்டர் தரும். மிச்சம் 3 லிட்டரை எங்கிருந்து கொண்டுவருவார்? 24 கிலோவாட் என்றால் 10 லிட்டர், 28 என்றால் பதினொன்றரை. 28 உங்களுக்குத் தாராளம்.

நான்: பெரிதாக இருந்தால் வீடாவது சீக்கிரம் சூடாகாதா?

அத்தான்: எல்லோரும் ஷவரை நினைத்துப் பாய்லர் வாங்குகிறார்கள். அப்புறம் குளிர்காலம் முழுக்கக் குடித்தனம் நடத்துவது, சுவரோரம் நின்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரோடு. உங்கள் அளவு வீட்டுக்குக் கடுங்குளிரிலும் 7, 8 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆனாலும் அறை அறையாகக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சுமாரான குளிருக்கு 3, 4 போதும். அதனால் கடைக்காரரிடம் மேலே எத்தனை என்று கேட்க வேண்டாம், கீழே எத்தனை வரை இறங்கும் என்று கேளுங்கள். மூன்றுக்கு இறங்குகிற பாய்லர் சிறு தீயில் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். எட்டுக்குக் கீழே இறங்காதது பற்றும், அணையும், பற்றும், அணையும். கேஸும் வீண், பாகங்களும் தேயும்.

செல்வி: அண்ணா, கடையில் யாரும் இதைச் சொல்லவே இல்லை.

அத்தான்: கேட்டால் சொல்வார்கள் தங்கச்சி. கேட்கிறவர்கள்தான் குறைவு.

சித்தப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) பாய்லரை அணைக்கவே கூடாது!! நாள் முழுக்க ஓடவிட்டால் பாதி கேஸ் மிச்சம்!! 10 பேருக்கு அனுப்பவும்!!

அத்தான்: மாமா, வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வெப்பம் சுவர் வழியே வெளியேறும். ஆளில்லாத வீட்டைச் சூடாக வைத்தால் சுவருக்குத்தான் லாபம்.

சித்தப்பா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

ஞாயிறு

அக்கா: தம்பி, கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருக்கிறாயா?

நான்: ஒன்று இருந்தது. சுவரில்தான் இருக்கிறது.

அக்கா: பின்புறம் தேதி போட்டிருக்கும். பார்த்துச் சொல்.

நான்: மூன்று வருடம் முன்பே காலாவதியாகிவிட்டது.

அக்கா: நினைத்தேன். செல்வி, போன வாரம் தலைவலி என்றாயே. வெளியே போனால் விட்டதா, வீட்டுக்குள் வந்ததும் வந்ததா?

செல்வி: இல்லை அண்ணி, அலுவலகத்தில்தான் வந்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கிறது, மாற்றியதும் போய்விட்டது.

அக்கா: அப்பாடா. கேஸ் சரியாக எரியாவிட்டால் வருகிற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். பாய்லர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அலாரம் இன்றைக்கே வர வேண்டும்.

அத்தான்: கேஸ் வாடை அடித்தால் அது வேறு கதை. எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. மீட்டர் பக்கத்து வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துதான் போன்.

அம்மா: காலங்காத்தாலே பயமுறுத்தாதீர்கள்.

புதன்

நான்: (புகைப்படம்) ரேடியேட்டரிலிருந்து இறக்கிய தண்ணீர்.

அம்மா: மையா அது?

அத்தான்: ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து வந்த சேறு, அத்தை. அதனால்தான் அவர்கள் வீட்டு ஹாலில் ரேடியேட்டர் மேலே சுடும், அடியில் சில்லென்று இருக்கும். மேலே சில்லென்று இருந்தால் உள்ளே காற்று, சாவி வைத்துத் திருகி வெளியே விட்டால் போதும். அடியில் என்றால் சேறு, கழுவித்தான் ஆக வேண்டும். மச்சான், கழுவாமல் புதுப் பாய்லரை மாட்ட விடாதீர்கள். திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று, அப்புறம் துருப்பிடிக்காமல் இருக்கிற திரவம். இரண்டும் கட்டாயம்.

நான்: இரண்டும் போடுகிறார். மீட்டரிலிருந்து வருகிற கேஸ் குழாயையும் 15 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆக மாற்ற வேண்டுமாம்.

அத்தான்: அப்படியென்றால் கணக்குப் பார்க்கிற ஆள். விடாதீர்கள்.

வெள்ளி

நான்: ஓடுகிறது!

செல்வி: சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான்: ஒரு சந்தேகம் அத்தான். வெளியே புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக மேகம் மாதிரி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதா என்று கதவைத் தட்டினார்.

அத்தான்: ஆவிதான். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் பிறக்கும். பழைய பாய்லர் அதைச் சூட்டோடு வெளியே தள்ளியது. இது அந்த ஆவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. தப்பித்த மிச்சம்தான் மேகம்.

பாப்பா: அப்பா, சின்ன வெள்ளைக் குழாயில் சொட்டுகிறதே, அதுதான் அந்தத் தண்ணீரா?

அத்தான்: அதேதான் பாப்பா. கொஞ்சம் அமிலம், செடிக்கு ஊற்றாதே. மச்சான், ஃப்ளோ டெம்பரேச்சர், அதாவது ரேடியேட்டருக்கு அனுப்புகிற தண்ணீரின் சூடு, எத்தனையில் வைத்துவிட்டுப் போனார்?

நான்: 75.

அத்தான்: 55க்கு இறக்குங்கள். ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். 75ல் அனுப்பினால் திரும்பும்போதும் கொதிப்போடு வரும். ஆவியைப் பிடிக்கிற பாய்லருக்குக் காசு கொடுத்துவிட்டு, ஆவியை விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

செல்வி: அண்ணா, ரேடியேட்டரைத் தொட்டால் சுடவே இல்லை. வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

அத்தான்: அறை எத்தனை டிகிரி?

செல்வி: 20.

அத்தான்: அப்புறம் எதற்கு அதைத் தொடுகிறாய் தங்கச்சி?

செல்வி: தொட்டுப் பார்த்தால்தான் ஒரு தைரியம்.

நான்: 60ல் வைத்திருக்கிறேன். குடும்பத்தில் அமைதி முக்கியம்.

ஒரு வாரம் கழித்து

செல்வி: அண்ணா, நடுராத்திரி மூன்று மணிக்குப் பாய்லர் தானாகவே எரிகிறது. வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவில்லை.

அம்மா: சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படு.

அத்தான்: பேய் இல்லை அத்தை, பிரீஹீட். குழாயைத் திறந்த உடனே வெந்நீர் வரட்டும் என்று உள்ளே கொஞ்சம் தண்ணீரை எந்நேரமும் சூடாக வைத்திருக்கும். மெனுவில் இக்கோ என்று இருக்கும், அதை வைத்தால் நின்றுவிடும். காலையில் சில வினாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். குழாய் வெந்நீரையும் 48ல் வையுங்கள். 60ல் வைத்துவிட்டுப் பச்சைத்தண்ணீர் கலந்து குளிப்பதில் அர்த்தம் இல்லை, உப்புத்தண்ணீர் என்றால் உள்ளே காறையும் சீக்கிரம் படியும்.

நான்: (புகைப்படம்) இன்னொன்று. பாய்லரில் அழுத்தம் காட்டும் இந்த முள் வெள்ளிக்கிழமை ஒன்றரையில் இருந்தது. இன்று 0.8.

அத்தான்: ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும்.

அம்மா: பார்க்கிறான் மாப்பிள்ளை, பார்த்துத்தானே சொல்கிறான்.

அக்கா: அம்மா, பார் என்பது அழுத்தத்தின் அளவு.

அம்மா: வைத்தார்களே ஒரு பெயர்.

அத்தான்: அடியில் இருக்கும் வால்வைத் திறந்து ஒன்றரை வரை ஏற்றுங்கள். புதிதாகப் போட்டபின் காற்று வெளியேறுவதால் ஒருமுறை இறங்கலாம். திரும்ப இறங்கினால் சொல்லுங்கள்.

அடுத்த சனி

நான்: முள் மறுபடியும் இறங்கிவிட்டது. 0.9.

அத்தான்: ஏற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, கழுவிய துரு திரும்ப வரும். மாட்டியவரைக் கூப்பிட்டீர்களா?

நான்: நான்கு நாளாகக் கூப்பிடுகிறேன். “திரும்ப அழைப்போம்” என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்கிறது.

அத்தான்: சரி, நாமே தேடுவோம். பாய்லர் மூடியை மட்டும் திறக்க வேண்டாம், அது லைசென்ஸ் உள்ளவர் வேலை. அழுத்தம் 3 பாரைத் தாண்டினால் தண்ணீரை வெளியே விடுகிற ஒரு செம்புக் குழாய் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால், தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கிற விரிவுத் தொட்டியில் காற்று போயிருக்கலாம், இல்லை அந்தக் குழாயின் வால்வே சரியாக மூடாமல் இருக்கலாம். காய்ந்திருந்தால் கசிவு வீட்டுக்குள்.

ஞாயிறு காலை

நான்: பை காய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே நின்றுவிடுகிறார்.

அத்தான்: டிஷ்யூ எடுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்விலும் நட்டைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். கையால் தடவினால் தெரியாது, சூட்டில் உடனே காய்ந்துவிடும். பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான்.

பாப்பா: (புகைப்படம்) நான் கண்டுபிடித்தேன்! என் புத்தக அலமாரிக்குப் பின்னால்!

நான்: நட்டின் அடியில் பச்சைப் பொருக்கு. டிஷ்யூவில் ஒரு பட்டாணி அளவு ஈரம். அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு?

அத்தான்: அந்தப் பட்டாணிதான் வாரத்துக்கு அரை பார் குடிக்கிறது. இரண்டு ஸ்பேனர் எடுங்கள். ஒன்றால் வால்வைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைக் கால் சுற்று. பலத்தைக் காட்ட வேண்டாம்.

நான்: கால் சுற்று ஆயிற்று. டிஷ்யூ காய்ந்து வருகிறது.

அம்மா: பாப்பாவுக்குச் சுற்றிப்போடு செல்வி.

இரண்டு வாரம் கழித்து

அம்மா: முள் எப்படி இருக்கிறது கண்ணா?

நான்: ஒன்றரையிலேயே நிற்கிறது அம்மா. நேற்று ராத்திரி மட்டும் வேறு கூத்து. உறைபனியில் அந்தச் சின்ன வெள்ளைக் குழாய் அடைத்து, பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அத்தான் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரை வெளியே குழாய் மேல் ஊற்றி, ரீசெட் செய்ததும் கிளம்பிவிட்டது.

அத்தான்: கொதிநீர் ஊற்றவில்லையே? பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். குழாய்க்கு உறை போடுங்கள், முடிந்தால் வெளிப்பகுதியை 32 மில்லிமீட்டராக்கச் சொல்லுங்கள்.

செல்வி: அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் 60ஐ 55 ஆக்கி ஐந்து நாள் ஆகிறது. யாரும் குளிர்கிறது என்று சொல்லவில்லை.

நான்: செல்வி!!

அக்கா: ஹா ஹா ஹா

சித்தப்பா: மாப்பிள்ளை, தூங்கிவிட்டீர்களா? சும்மா ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன். எங்கள் பாய்லர் முள் 0.3ல் நிற்கிறது. ரேடியேட்டர் ஒன்றுமே சுடவில்லை.

அத்தான்: தொட்டீர்களா மாமா?

சித்தப்பா: தொடவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான்: அப்படியே நில்லுங்கள். பக்கத்தில் டிஷ்யூ இருக்கிறதா?