பாஸ்பரஸில் மட்டும் கோணம் ஏன் கூடுகிறது? வேதியியல் ஆசிரியர்கள் உதவவும்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மூலக்கூறு வடிவத்தில் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். திங்கட்கிழமை அவர்களுக்கு அலகுத் தேர்வு.

அம்மோனியாவில் பிணைப்புக் கோணம் 107 டிகிரி, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடில் 102. ஃபுளூரின் பிணைப்பு இரட்டைகளை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான் ஜோடிகளை) தன் பக்கம் இழுப்பதால், நைட்ரஜன் அருகே விலக்கம் குறைந்து கோணம் சுருங்குகிறது என்று நடத்தினேன். முனைவுத்தன்மையும் புரிந்துவிட்டது. தனித்த இரட்டையின் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடியின்) விளைவு அம்மோனியாவில் பிணைப்புகளின் முனைவோடு சேர்கிறது, அதன் இருமுனைத் திருப்புத்திறன் 1.47 டிபை. நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடில் எதிர்க்கிறது, 0.23தான்.

அப்புறம் ஒரு மாணவி பாஸ்பரஸைக் கேட்டாள். பாஸ்பீனில் (பாஸ்பரஸோடு மூன்று ஹைட்ரஜன்) சுமார் 93.5 டிகிரி, பாஸ்பரஸ் ட்ரைஃபுளூரைடில் சுமார் 98. குறைய வேண்டியது கூடுகிறது! கெட்டிக்காரப் பெண், லேசில் விடமாட்டாள்.

களிமண் உருண்டையில் குச்சி செருகிக் காட்டினேன். வடிவம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. கையேடுகளில், ஃபுளூரின் பாஸ்பரஸின் காலி டி ஆர்பிட்டாலுக்கு எலக்ட்ரான் தருகிறது என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் டி ஆர்பிட்டாலின் பங்கு சொற்பம் என்றே இப்போது சொல்கிறார்கள். பாஸ்பீனில் இனக்கலப்பு (ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று கலப்பது) மிகக் குறைவு, அதனால் கோணம் 90ஐ ஒட்டி நிற்கிறது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். சரி, ஃபுளூரின் வந்ததும் ஏன் கூடுகிறது என்றாள்.

டி ஆர்பிட்டாலை இழுக்காமல், பிளஸ் ஒன் பாட அளவிலேயே, இதை எப்படி விளக்குவீர்கள்?