வளவு வீட்டுக் குழு: ஊதா நிறத்தில் யூரின் பேக்

சித்தப்பா: 🖼 படம்

சித்தப்பா: எழுந்தவர்கள் இதைக் கொஞ்சம் பாருங்கள். ஆத்தாவின் யூரின் பேக். முந்தாநாள் வரை மஞ்சள்தான், நேற்றுச் சாயங்காலம் லேசாக நீலம் ஓடியது, இப்போது பேக்கும் டியூபும் அப்படியே கத்தரிப்பூ நிறம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

தேவகோட்டை அயித்தை: முருகா! என்ன தம்பி இது. நேற்றுக் கறுப்புக் கவுனி அரிசி கிண்டியதாகச் சொன்னீர்களே, அதனாலா?

சித்தி: நாலு ஸ்பூன்கூட இறங்கவில்லை ஆச்சி. நானும் அதே சட்டியில்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லையே.

பினாங்கு அண்ணன்: சித்தப்பா, போன தடவை யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்த நைட்ரோஃபுரண்டாயின் மீதி இருக்குமே, உடனே ஆரம்பித்துவிடுங்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிட்னிக்கு ஏறிவிடும்.

தேனம்மை: அண்ணே கொஞ்சம் பொறுங்கள், மாத்திரை எதுவும் வேண்டாம். சித்தப்பா, காய்ச்சல் இருக்கிறதா? குளிர் நடுக்கம், இடுப்பு வலி, பேச்சில் குழப்பம்?

சித்தப்பா: எதுவும் இல்லை. 98.4 காட்டுகிறது. காபியில் சர்க்கரை குறைவு என்று சித்தியிடம் சண்டை நடக்கிறது. வயிறுதான் சில நாளாகச் சரியாகப் போகவில்லை.

தேனம்மை: அந்தக் கடைசி வரிதான் விஷயமே. இதற்கு பர்ப்பிள் யூரின் பேக் சிண்ட்ரோம் என்றே பெயர், 1978லேயே மருத்துவப் பத்திரிகையில் வந்துவிட்டது. நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை எல்லாவற்றிலும் டிரிப்டோஃபேன் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. மலச்சிக்கலில் குடலில் எல்லாம் தேங்கிக் கிடக்கும்போது அங்கே இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று இண்டோல் ஆக்குகிறது, அது ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் இண்டாக்சில் சல்ஃபேட்டாக மாறி, சிறுநீரில் நிறமே இல்லாமல் இறங்குகிறது. இதுவரை நம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் கதீட்டரில், அதாவது சிறுநீரை வெளியே இறக்கும் அந்த டியூபில், குடியேறும் சில கிருமிகளிடம், புரோவிடென்சியா, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் வகையறா, அந்த சல்ஃபேட்டைக் கழற்றிவிடும் என்சைம் இருக்கிறது. கழற்றியதும் மிஞ்சும் இண்டாக்சில் காற்றுப் பட்டு இண்டிகோ என்ற நீலமாகவும் இண்டிருபின் என்ற சிவப்பாகவும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஏறினால் ஊதா.

தேவகோட்டை அயித்தை: இண்டிகோ என்றால் அவுரிச் சாயமா?

தேனம்மை: அதே பொருள்தான் அயித்தை. அவுரி இலையை ஊறப்போட்டு அடிக்கும்போதும் இண்டாக்சில்தான் காற்றுப் பட்டு நீலமாகிறது.

பினாங்கு அண்ணன்: அப்போது அப்பத்தா கட்டிலடியில் சாயப்பட்டறையே ஓடுகிறது 😂

தேவகோட்டை அயித்தை: டேய். பெரியவர்களை வைத்து என்ன கேலி.

சித்தப்பா: சரி, நிறம் போகட்டும். டியூப் அடிக்கடி அடைக்கிறதே, அதுவும் இதுதானா? போன தடவை கழற்றியபோது உள்ளே நறநறவென்று மணலாக இருந்தது, நர்ஸ் விரலில் தேய்த்துக் காட்டினார்.

தேனம்மை: ஆமாம், நிறத்தைவிட நான் பயப்படுவது அந்த மணலுக்குத்தான். சிறுநீர் கிருமிகளுக்குச் சாப்பாட்டுப் பஞ்சமான இடம், சர்க்கரை இல்லாதவர்களுக்கு அதில் குளுக்கோஸ் அநேகமாக இருக்காது, இரும்புச்சத்தும் கிடைக்காது. யூரின் இன்ஃபெக்‌ஷனில் அதிகம் வரும் இ.கோலை அதில் கரைந்திருக்கும் அமினோ அமிலத்தைத் தின்று பிழைக்கிறது, இரும்பைப் பிடித்துவரத் தனியாக ஒரு பொருளைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. புரோட்டியஸுக்கு வேறு வழி, யூரியேஸ் என்ற என்சைமால் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அம்மோனியா சேரச் சேர சிறுநீர் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மைக்கு மாறும், மாறினால் அதில் கரைந்திருக்கும் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து படிகமாக உறையும். நர்ஸ் தேய்த்தது அதைத்தான். அடைத்தால் சிறுநீர் மேலே எதிர்த்து ஏறும், காய்ச்சல் அப்படித்தான் வரும்.

பினாங்கு அண்ணன்: கிருமி இருக்கிறது என்று நீயே சொல்கிறாய், அப்புறம் மாத்திரை ஏன் கூடாது?

தேனம்மை: நீங்கள் சொன்ன மாத்திரை தானாகக் கொல்லாது அண்ணே. கிருமியின் சொந்த என்சைம் அதை உள்ளே மாற்றினால்தான் விஷமாகும். புரோட்டியஸும் புரோவிடென்சியாவும் அதற்கு இயல்பிலேயே அசையாது, கார சிறுநீரில் அதன் வேகமும் குறைவு. அது மட்டுமில்லை, நாள்பட கதீட்டர் போட்டவர்களுக்கு சிறுநீரில் கிருமி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம், தொந்தரவு இல்லாதபோது ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் மருந்துக்குக் கேட்காத கிருமிதான் மிஞ்சும், நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது என்ன கொடுப்பது?

பினாங்கு அண்ணன்: 👍 சரி டாக்டரம்மா.

தேனம்மை: நான் லேப்காரிதான், டாக்டரிடம் பேசாமல் இருக்க வேண்டாம் சித்தப்பா. கதீட்டர், பேக் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், வயிறு போக என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கு, புது டியூபிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், பழைய பேக்கிலிருந்து பிடித்துக் கொடுத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர்ந்ததெல்லாம்தான் ரிப்போர்ட்டில் வரும்.

தேவகோட்டை அயித்தை: தண்ணீர் நிறையக் கொடுக்கலாமா? இளநீர்?

தேனம்மை: தண்ணீர் கொடுக்கலாம் அயித்தை, ஆனால் அப்பத்தாவுக்கு இதய மாத்திரை ஓடுகிறதே, எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சித்தப்பா: டாக்டரிடம் பேசிவிட்டேன். படத்தைப் பார்த்ததும் அவரும் மலச்சிக்கலைத்தான் முதலில் கேட்டார். ஆண்டிபயாட்டிக் இப்போது வேண்டாமாம், வயிற்றுக்கு ஒரு சிரப் எழுதியிருக்கிறார், 11 மணிக்கு நர்ஸ் வந்து எல்லாம் மாற்றுவார். சிறுநீர் இறங்குவது நின்றாலோ, காய்ச்சல் ஏறினாலோ உடனே கூட்டிவரச் சொன்னார்.

சித்தி: காரைக்குடியிலிருந்து யாராவது வருகிறீர்களா? கதீட்டர் 16 நம்பர், பேக் ரெண்டு வாங்கிவர வேண்டும், இங்கே மெடிக்கலில் 14தான் இருக்கிறதாம்.

தேனம்மை: நான் வாங்கி வருகிறேன் சித்தி, பத்தரைக்குள் வந்துவிடுவேன்.

பினாங்கு அண்ணன்: பில்லை எனக்கு அனுப்பு.