லிஸ்பன்ல ஒரு பகல் மட்டும்தான், அம்மாவ எங்க கூட்டிட்டு போறது?

சாட்ஸ்வர்த்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து மபூட்டோ வழியா லண்டன்ல தம்பி வீட்டுக்கு அம்மாவ கூட்டிட்டு போறேன், நடுவுல போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன்ல காலைல இறங்கினா ராத்திரி 8 மணிக்குத்தான் அடுத்த ஃப்ளைட். நம்ம பாஸ்போர்ட்டுக்கு செங்கன் விசா (ஐரோப்பா நாடுங்களுக்குள்ள போற விசா) இல்லாம வெளிய விடமாட்டாங்கன்னு அதையும் வாங்கிட்டேன். அம்மாவுக்கு 71, முட்டி வலி, படி ஏற முடியாது, அதுவும் புரட்டாசி விரதம், முட்டை கூட தொடமாட்டாங்க. 1497 கிறிஸ்மஸ் சமயத்துல வாஸ்கோ ட காமா நம்ம கரையோரமா போனதாலதான் நம்ம மாகாணத்துக்கு நேட்டால்னு பேர் வந்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சவங்க, அவரோட கல்லறை லிஸ்பன்ல இருக்குன்னு கேட்டதுலேர்ந்து அதே பேச்சுதான். நெட்ல பாத்தா கோட்டை, 28ஆம் நம்பர் ட்ராம், அல்ஃபாமான்னு இருபது இடம் போட்ருக்காங்க, எத விடறதுன்னே தெரியல.

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்:
தங்கச்சி, எல்லாத்தையும் விட்டுட்டு ஆத்தங்கரைல இருக்கற பெலெம் பேட்டைக்கு மட்டும் போங்க. ஏர்போர்ட்லயே மெட்ரோ, சிவப்பு லைன்ல அலமேடா வந்து பச்சை லைனுக்கு மாறி கடைசி ஸ்டேஷன் கைஷ் டோ சொட்ரே, அங்கேர்ந்து 15ஆம் நம்பர் ட்ராம், கல்லறை இருக்கற ஜெரோனிமோஸ் மடத்து (பழைய கிறிஸ்தவ மடம்) வாசல்லயே நிக்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் சமதரை. ஜெரோனிமோஸ் மடத்து சர்ச்சுல நுழைஞ்ச உடனே கல்லறை, ரொம்ப உள்ள நடக்க வேணாம். திங்கக்கிழமை மூடிருவாங்க, தேதி பாத்துக்கோங்க.

ஆனா நான் போகச் சொல்றது கல்லறைக்காக இல்ல. ரோட்ட தாண்டி ஆத்தங்கரைக்கு போனா கப்பல் மாதிரி ஒரு நினைவுச்சின்னம், அதுக்கு முன்னாடி தரையில 50 மீட்டர் அகலத்துக்கு கல்லுல ஒரு திசைகாட்டி, நடுவுல உலக மேப், அங்கங்க கப்பல் படமும் வருஷமும். அது 1960ல தென்னாப்பிரிக்கா குடுத்த பரிசு. நம்மாளுங்க முதல்முதலா ஒப்பந்தக் கூலிங்களா மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல்ல நேட்டாலுக்கு வந்து இறங்கி சரியா 100 வருஷம் ஆன வருஷம் அது, அப்போ நமக்கு ஓட்டு கூட கிடையாது. எங்கப்பா நேட்டால் இருக்கற இடத்துல நின்னு இந்தியா வரைக்கும் நடந்து பாத்தாரு, மூணே எட்டு. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசல, நானும் கேக்கல.

டொங்காட்_அக்கா:
சாப்பாடு பத்தி சொல்றேன்மா. மடத்துக்கு பக்கத்துலயே 1837லேர்ந்து இருக்கற பேஸ்ட்ரி கடை, கூட்டம் அள்ளும், ஆனா அங்க விக்கற கஸ்டர்ட் டார்ட் பூரா முட்டை மஞ்சக்கருதான், அம்மாவுக்கு ஆகாது, நீ சாப்பிடு. கால்டோ வெர்டேன்னு கீரை சூப் தருவாங்க, பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், அடியில பன்றி சாசேஜ் துண்டு கிடக்கும், நான் ஸ்பூன விட்டு கிளறினப்புறம்தான் பாத்தேன், அன்னிக்கு எனக்கும் விரதம், மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. "செம் கார்னே, செம் பெய்ஷே"ன்னு சொல்லு, கறி மீன் வேணாம்னு அர்த்தம். அதவிட வீட்லேர்ந்தே ரொட்டில உருளைக்கிழங்கு கறி வெச்சு சுருட்டி எடுத்துட்டு போயிரு. அப்புறம் நடைபாதை எல்லாம் சின்ன சின்ன வெள்ளைக் கல்லு, தூறல் போட்டா வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடி செருப்பு.

ஜோபர்க்_தமிழன்:
அண்ணன் சொன்ன தரைய கண்டிப்பா பாருங்க. கல்லறைக்கு மட்டும் என்னால போக முடியல, 1502ல மெக்காலேர்ந்து திரும்பின ஹஜ் கப்பல பொம்பள குழந்தைங்களோட கொளுத்தின ஆளு அவரு, அம்மாகிட்ட அதையும் சொல்லுங்க, பாக்கறதா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும். இன்னொன்னும் சொல்லுங்க, தமிழ் மொழி முதல்முதலா அச்சுல ஏறினது லிஸ்பன்லதான், 1554ல, போர்ச்சுகீஸ் எழுத்துல தமிழ் வார்த்தைங்க, ஒரு சின்ன ஜெப புஸ்தகம். தமிழ் எழுத்துலயே அச்சடிச்சது அப்புறம் 1578ல கொல்லத்துல. அல்ஃபாமா 1755 பூகம்பத்துல பெரும்பாலும் தப்பிச்ச பழைய பேட்டை, அழகுதான், ஆனா பூரா மேடும் படியும், முட்டி வலியோட வேணாம். 28 ட்ராம்ல என் பர்ஸே போச்சு.

சாட்ஸ்வர்த்_பொண்ணு:
எல்லாத்தையும் அம்மாவுக்கு படிச்சு காட்டினேன். ஹஜ் கப்பல் விஷயத்த கேட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க, அப்புறம் சர்ச்சு வேணாம், அந்த மேப்புக்கே நேரா போலாம், என் பாட்டி கப்பல் ஏறின ஊர காலால தொட்டுட்டு வரேன்னு சொன்னாங்க. அண்ணா, அங்க உக்கார நிழல் இருக்கா?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்:
தரைல நிழலே இல்லம்மா, காலைல வெயிலுக்கு முன்னாடி போயிருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல பெஞ்சு இருக்கு. குடை எடுத்துக்கோங்க.