ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டவங்க சொல்லுங்க, கைல உண்மையா எவ்ளோ நிக்குது?

கொரட்டூர்வாசி:
மேடவாக்கம் பக்கம் ரீசேல்ல டூ பெட்ரூம் ஃபிளாட், 55 லட்சம், வாடகை 17 ஆயிரம். சொந்தக்காரங்க எல்லாம் "மாசாமாசம் 17 வருதே உனக்கென்னப்பா"ங்கறாங்க. ஸ்டாம்ப் டூட்டி 7, ரிஜிஸ்ட்ரேஷன் 2, ஆக 9 சதவீதம், முழு விலையும் காட்டி எழுதினதுல 4,95,000 போச்சு. கிட்டத்தட்ட ரெண்டரை வருஷ வாடகை பத்திர ஆபீஸ்லயே முடிஞ்சுது (2023 மார்ச்சுக்கு முன்னாடி 11 சதவீதம், அதுக்கு இது தேவலாம்). 35 லட்சம் லோன், எட்டரை வட்டி, 20 வருஷம்னா ஈஎம்ஐ 30 ஆயிரத்த தாண்டுது, வாடகைய அப்படியே கட்டினாலும் மீதி நம்ம சம்பளம்தான்.

இதெல்லாம் தெரிஞ்சேதான் வாங்கினேன். கணக்குல வராதது என்னன்னா ஆள் மாறும்போது ஆகுற செலவு. முதல்ல இருந்தவங்க நல்ல மனுஷங்க, வாடகை அஞ்சாம் தேதி டான்னு வரும், ஆனா காலி பண்ணப்புறம் போய் பாத்தா அடுப்புக்கு மேல டைல்ஸ்ல விரல வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது, ஹால் செவுத்துல டிவி மாட்ட போட்ட ஓட்டை, ஏசி ஓட்டைல புறா கூடு. அட்வான்ஸ்ல ஒரு மாசம் பிடிச்சும் பெயிண்டுக்கே பத்தல. வீடு பூட்டிக் கிடக்குறப்ப அசோசியேஷன் மெயின்டனன்ஸ் நம்ம தலைல. அதுக்கு நடுவுல கீழ் வீட்டம்மா போன், "தம்பி எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது, உங்க வீட்டுலேருந்துதான்"னு. டைல்ஸ பேத்து வாட்டர்ப்ரூஃப் பண்ணி திரும்ப ஒட்டுறதுக்குள்ள மூணு மாச வாடகை காலி.

செம்பாக்கம் அக்கா:
அட்வான்ஸ் எவ்ளோ வாங்கினீங்க? 2017 வாடகை சட்டம் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்ததுலேருந்து அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிர மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, ஆனா எங்க தெருவுல இன்னும் பத்து மாசம் கேக்குறவங்க இருக்காங்க. 11 மாச அக்ரிமென்ட்ட பத்திரத்துல அடிச்சு பீரோல வைக்கிறதும் போதாது, வாடகை அத்தாரிட்டில பதிஞ்சு நம்பர் வாங்கணும். தகராறு வந்தா அந்த நம்பரத்தான் முதல்ல கேப்பாங்க.

சிங்கப்பூர்ல ஒருத்தன்:
என்ஆர்ஐ ஓனர்னா இன்னொரு தலைவலி அண்ணே. வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் குடியிருக்கிறவர் டிடிஎஸ் (வாடகைலேயே பிடிக்கிற வருமான வரி) பிடிச்சு கட்டணும், செஸ்ஸோட 31.2 சதவீதம், அதுக்கு அவர் டான் நம்பர் (வரி பிடிக்கிறவங்க எடுக்குற நம்பர்) வேற எடுக்கணும். ஃபேமிலிக்காரங்க இத கேட்டதும் "வீட்ல கேட்டுட்டு சொல்றோம் சார்"னு போறவங்க போறவங்கதான். கம்பெனி லீஸா குடுத்தா பரவால்ல.

வில்லிவாக்கம்:
வாடகைதான் வேணும்னா ஃபிளாட் வாங்காதீங்க, பழைய வீட்ட வாங்கி மூணு போர்ஷனா விடுங்கன்னு கத்தி கத்தி சொல்றேன். எங்க அப்பா அப்படித்தான் விட்டார், ஒண்ணு காலியானா மத்த ரெண்டு ஓடும். நிலமும் முழுசா நம்மது, ஃபிளாட் மாதிரி யூடிஎஸ்னு (பிரிக்காத நிலத்துல நம்ம பங்கு) துண்டு கணக்கு இல்ல. ஆனா மோட்டார் யார் போடுறதுன்னு தினம் பஞ்சாயத்து, அதுக்கு ஆள் பக்கத்துலயே இருக்கணும். அப்புறம் இபி ரீடிங்க காலி பண்ற அன்னைக்கே போட்டோ எடுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பில் வர்றதால பழைய ஆள் ஓட்டின ஏசிக்கு புது ஆள் சண்டைக்கு வருவார்.

கொரட்டூர்வாசி:
@வில்லிவாக்கம் அந்த விலைக்கு அங்க வீடு எங்கண்ணே இருக்கு 😀 டேக்ஸ் பத்தி இன்பாக்ஸ்ல கேட்டவருக்கு: வீட்டு வரி கட்டினது போக மிச்ச வாடகைல 30 சதவீதம் கழிச்சுக்கலாம், ரசீது கேக்க மாட்டாங்க. லோன் வட்டியும் கழியும், ஆனா அப்படி கழிச்சு வர்ற நஷ்டத்த சம்பளத்துல கழிக்கிறது வருமான வரி பழைய ரெஜிம்ல மட்டும்தான், அதுவும் வருஷம் 2 லட்சம் வரைக்கும். புதுசுக்கு மாறிட்டீங்கன்னா அந்த வழி கிடையாது, லோன் போடுறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ரெண்டையும் போட்டு பாக்க சொல்லுங்க.