ஐந்து மாதக் குட்டியைக் கட்டிப்போடுவதா, பழக்குவதா?

கொல்லைப்புறம்:
எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. "இரு" என்றால் உட்காரும். நான் சமையலறைப் பக்கம் திரும்பியதும் எழுந்துபோய் எதையாவது கடிக்கும். இந்த வாரம் இரண்டு செருப்பு, கதவு நிலையின் ஓரம். நேற்று சார்ஜர் வயர். நல்லவேளை, பிளக்கில் செருகவில்லை. கட்டிப்போடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துவீடு:
கட்டிப்போடுங்கள் தம்பி. முப்பது வருடமாக நாய் வளர்க்கிறோம். வயரைக் கடித்து ஷாக் அடித்தால் உங்கள் மனம் தாங்குமா? கடித்த செருப்பை மூக்குக்கு நேரே காட்டி ஒரு அடி வையுங்கள். முகத்தைத் தொங்கப்போடும் பாருங்கள், தப்பு என்று அதற்கே தெரியும்.

மூன்றாம்மாடி:
ஐயா, வயர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். ஆனால் அடி வேண்டாம். தொங்கின முகத்தை 2009இலேயே சோதித்துவிட்டார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாயையும் தின்னாத நாயையும் பார்த்தார். திட்டு வாங்கியவைதான் அந்த முகத்தை அதிகம் காட்டின, தப்பே செய்யாதவை உட்பட. நாம் திட்டுவதற்கு அது காட்டும் பதில்தான் அந்த முகம்.

இந்த வயதில் பால்பல் 28உம் விழுந்து 42 பல் முளைக்கிறது. ஈறு அரிக்கும், கடிக்காமல் முடியாது. பழைய துண்டை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். நூல் பிரிந்தால் அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள். பழைய செருப்பை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், புதுசுக்கும் பழசுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

தோட்டத்துவீடு:
துண்டு எதற்கு? குழம்பில் போட்ட ஆட்டெலும்பு போதாதா?

மூன்றாம்மாடி:
வெந்த எலும்பு சிராய்சிராயாக உடைந்து குடலைக் குத்தும். தயவுசெய்து வேண்டாம்.

தோட்டத்துவீடு:
சரி, எலும்பை விடுகிறேன். ஆனால் வேலைக்குப் போகிறவர் நாள் முழுக்க "இரு, இரு" என்று பக்கத்திலேயே நிற்க முடியுமா?

மூன்றாம்மாடி:
முடியாதுதான். ஆளில்லாத நேரத்துக்கு "இரு" உதவாது. வயர், செருப்பு எதுவும் இல்லாத ஓர் அறை, தண்ணீர், நடுவில் வெளியே விட ஒரு ஆள், இவ்வளவும் வேண்டும். தனியாக விட்டுக் கட்டினால் கயிறு காலில் சுற்றும். அதிலும் சிப்பிப்பாறைக்குத் தலை ஒல்லி, கழுத்துப்பட்டையை உருவிக்கொள்ளும். உருவாதபடி இறுக்கினால் கழுத்து புண்ணாகும்.

ஆள் இருக்கும்போது இப்படிப் பழக்குங்கள். ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் மட்டும் அந்த நனைந்த துண்டு. "இரு" என்று சொல்லி மூன்று எண்ணுங்கள். அது எழுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்து, சாக்கின் மேலேயே ஒரு துண்டு கேரட் கொடுங்கள். அப்புறம் "போ" என்று விடுங்கள். "போ" சொல்லாமல் எழுந்தால் திட்டாமல் சாக்குக்குக் கூட்டி வந்து, இன்னும் குறைவாக எண்ணுங்கள்.

தோட்டத்துவீடு:
மூன்று எண்ணுவதா? எங்கள் நாய்கள் ஒரு அதட்டலில் நிற்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டை உருவுவது உண்மை. எங்களுடையதும் ஒன்று அப்படித்தான் ரோட்டுக்கு ஓடியது.

கொல்லைப்புறம்:
நான்கு நாளாகச் செய்கிறேன். பத்து எண்ணும்வரை சாக்கில் படுத்துத் துண்டைக் கடிக்கிறது. சமையலறை வாசலைத் தாண்டினால் மட்டும் எழுந்துவிடுகிறது.

மூன்றாம்மாடி:
அப்படியானால் வாசலுக்கு ஓரடி முன்பே திரும்பிவிடுங்கள். இரண்டு நாளைக்கு அந்தத் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.